முப்பது நாள், ஐந்து நாள், நான்கு மணி நேரம்



ஆறாம் ஆண்டுக் கணிதத்தில் நேர மண்டலம் என்றொரு தலைப்பு உண்டு. பயிற்சி நூல்கள் இதற்கு வழக்கமாகக் கோலாலம்பூரையும் இலண்டனையும் எடுத்துக்கொள்ளும். சற்று மாற வேண்டுமென்றால் தோக்கியோவிற்குப் போகும். என் வகுப்பில் இருப்பவர்களுள் எவரும் இலண்டனுக்கோ தோக்கியோவிற்கோ போனவர் அல்லர். ஆகவே நான் பினாங்கையும் சென்னையையும் வைத்து ஒரு கணக்கை எழுதிப்போட்டேன். பினாங்கிலிருந்து காலை 10.00 மணிக்குப் புறப்படும் வானூர்தி ஒன்று சென்னையை அவ்வூர் நேரப்படி காலை 11.15க்கு அடைகிறது, பயண நேரம் எவ்வளவு?

வகுப்பில் பாதிப்பேர் 1 மணி 15 நிமிடம் என்று எழுதியிருந்தார்கள். மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முன்னதாக இருக்கிறது, அதையும் கூட்டவேண்டும், விடை 3 மணி 45 நிமிடம் என்று விளக்கினேன். எல்லாரும் திருத்திக்கொண்டார்கள். ஒரு மாணவன் மட்டும் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு, "ஐயா, நாலு மணி நேரந்தானே, பிறகு ஏன் எங்கள் பாட்டி இன்னும் போகவில்லை?" என்று கேட்டான்.

அவனுடைய பாட்டியை எனக்குத் தெரியும். கூலிம் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் சீவி ஓய்ந்தவர். அவருடைய அக்காள் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் இருக்கிறார். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டது கடைசியாக 1970இல், பினாங்குத் துறைமுகத்தில். அந்தக் கேள்விக்கு வகுப்பில் நான் ஒழுங்காக விடை சொல்லவில்லை. மணி அடித்துவிட்டது என்பது எனக்கு வசதியாகப் போயிற்று. இந்தக் கட்டுரை அந்த விடையை எழுதிப்பார்க்கும் முயற்சி.

முதலில் தொலைவைப் பார்ப்போம். பினாங்கிலிருந்து சென்னைக்கு நேர்க்கோட்டில் ஏறக்குறைய 2,370 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து ஏறக்குறைய 2,620 கிலோமீட்டர். அதாவது வடக்கே இருக்கும் நாம் தமிழகத்திற்கு 250 கிலோமீட்டர் நெருங்கி இருக்கிறோம். பினாங்கிலிருந்து நாகப்பட்டினம் இன்னும் சற்று அருகில், ஏறக்குறைய 2,330 கிலோமீட்டர். நிலப்படத்தில் அளவுகோலை வைத்துப் பார்த்தால், நாகப்பட்டினத்திலிருந்து கிழக்கே சற்றுத் தெற்காகச் சாய்ந்து, நக்கவாரத் தீவுகளை ஒட்டிச் செல்லும் கோடு நேரே நம் குனோங் ஜெராய் மலையடியில் வந்து நிற்கும். பழைய மாலுமிகளுக்கு இந்தக் கோடு மனப்பாடம். ஜெராயின் உயரம் 1,217 மீட்டர். வானம் தெளிந்திருந்தால் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் கடலில் வரும் கலத்திலிருந்து அதன் உச்சி தெரியும் என்று கணக்கிட்டுச் சொல்லலாம். கடாரம் என்ற ஊர் இந்த மலையை நம்பி வளர்ந்த துறைமுகம்.

இத்தொலைவைக் கடக்க எத்தனை நாள் ஆயிற்று என்பதற்கு மிகப் பழைய எழுத்துச் சான்று ஒன்று உண்டு. நம் மாணவர் எவருக்கும் அதைச் சொல்லித் தருவதில்லை. ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் இ-ட்சிங் என்ற சீனத் துறவி, இந்தியாவிற்குப் பயணம் போன பௌத்தத் துறவியரின் வரலாற்றைத் தொகுத்து எழுதினார். அவர்களுள் ஒருவர் கெடாவிலிருந்து மேற்கு நோக்கிக் கலமேறி முப்பது நாளில் நாகப்பட்டினம் அடைந்தார் என்றும், அங்கிருந்து இரண்டே நாளில் இலங்கை சேர்ந்தார் என்றும் அதில் குறித்திருக்கிறார். முப்பது நாள், 2,330 கிலோமீட்டர். வகுத்துப் பாருங்கள்: ஒரு நாளைக்கு 78 கிலோமீட்டர், மணிக்கு மூன்றே கால் கிலோமீட்டர். மனிதன் நடப்பதைவிட மெதுவான வேகம். ஆனால் இரவும் பகலும் நிற்காத நடை.

அதுவும் நினைத்த மாதத்தில் புறப்பட முடியாது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது சோழநாட்டுக் கலங்கள் கிழக்கே வரும்; ஆண்டிறுதியில் வடகிழக்குக் காற்று எழும்போது மேற்கே திரும்பும். இடைப்பட்ட மாதங்களில் வணிகரும் கம்மியரும் துறவியரும் இங்கேயே தங்கவேண்டும். பூஜாங் பள்ளத்தாக்கில் மெர்போக் ஆற்றை ஒட்டிக் கிடைத்திருக்கும் கோயில் அடித்தளங்கள், காற்றுக்காகக் காத்திருந்தவர்களும் அவர்களை ஏற்றுக்கொண்டவர்களும் சேர்ந்து வாழ்ந்த வாழ்வின் எச்சம் என்றே நான் எண்ணுகிறேன். சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 2009 முதல் தோண்டியெடுத்த இரும்பு உருக்கும் உலைகள் அந்த ஊரின் பழமையை இன்னும் பின்னே கொண்டு சென்றிருக்கின்றன. பட்டினப்பாலை கூறும் காழகம் என்பதற்குக் கடாரம் என்றே நச்சினார்க்கினியர் உரை எழுதினார். கடார மன்னன் நாகப்பட்டினத்தில் புத்த விகாரம் எழுப்பினான், இராசராச சோழன் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையளித்தான். இருபது ஆண்டுகள் கழித்து, 1025 அளவில், அவன் மகன் இராசேந்திரன் அதே கடாரத்தின்மேல் கடற்படை அனுப்பினான். நம்மவர்கள் இதில் கடைசிச் செய்தியை மட்டுமே மேடைதோறும் முழங்குவார்கள். விகாரமும் கொடையும் எவர் நாவிலும் வருவதில்லை. அண்டை வீட்டாரோடு இருபது ஆண்டு நல்லுறவும் ஒருநாள் சண்டையும் இருந்தால் சண்டையையே சொல்லிக்கொண்டிருப்பது என்ன பெருமையோ, எனக்கு விளங்கவில்லை.

இடையில் ஒன்று. சுங்கைப்பட்டாணியிலிருந்து அந்தப் பள்ளத்தாக்கு அரைமணி நேரப் பயணந்தான். சென்னைக்குப் பத்துமுறை போய்ப் பட்டுச்சேலை வாங்கி வந்தவர்களுள் ஒருமுறைகூட மெர்போக் அருங்காட்சியகத்திற்குப் போகாதவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினால் நாம் தலைகுனிய நேரும். 2013இல் அங்கே பதினொன்றாம் எண் சண்டி வீடமைப்பு வேலையில் இடிக்கப்பட்ட செய்தி வெளிவந்தபோது கொதித்தவர்கள் பலர். அதற்குமுன் அதைப் பார்த்தவர்கள் சிலர்.

இனி நீராவிக் கப்பல். நம் தாத்தா பாட்டிகள் வாயில் 'ரஜூலா' என்ற பெயர் குடும்பத்து உறவுக்காரர் பெயர்போல வரும். கிளாஸ்கோ நகரில் 1926இல் கட்டப்பட்ட கப்பல் அது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடிற்று. தொடக்கத்தில் ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட மேல்தளப் பயணிகளை ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. மேல்தளம் என்றால் பாயும் மூட்டையும் விரிக்கும் இடம், அவ்வளவே. மணிக்குப் பன்னிரண்டு கடல் மைல் என்று வைத்துக்கொண்டால் 22 கிலோமீட்டர். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கிற்கு 106 மணி நேரம், அதாவது ஏறத்தாழ நான்கரை நாள். சென்னையில் ஏறியவர்களுக்கு இன்னும் ஒன்றிரண்டு நாள் கூடும். முப்பது நாள் ஐந்து நாளாகச் சுருங்கிற்று. அதோடு காற்றுக்குக் காத்திருக்கும் கட்டாயமும் ஒழிந்தது.

ஆனால் அந்த ஐந்து நாள் யாருக்கு? ஊரில் கங்காணியின் பேச்சைக் கேட்டு வீட்டைவிட்டுப் புறப்பட்ட நாளிலிருந்து எண்ணினால் கணக்கு வேறு. ஊரிலிருந்து தொடர்வண்டி நிலையம், பிறகு முகாம், முகாமில் மருத்துவச் சோதனை, கப்பலுக்குக் காத்திருப்பு, ஐந்து நாள் கடல், பிறகு பினாங்கை அடுத்த ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாம். அங்கே எத்தனை நாள் என்பது கப்பலில் அம்மையோ வாந்திபேதியோ இருந்ததா என்பதைப் பொறுத்தது. அதன்பிறகே பிறை, கூலிம், பாடாங் செராய், பீடோங் என்று தோட்டம் தோட்டமாகப் பிரித்து அனுப்புவார்கள். விக்டோரியா, ஹென்ரியெட்டா, டப்ளின், ஹார்வர்ட், ஸ்கார்புரோ என்று தோட்டங்களின் பெயரெல்லாம் மேல்நாட்டுப் பெயர்கள். வந்திறங்கியவர்களுக்குத் தாங்கள் எந்தத் திசையில் எத்தனை கல் வந்திருக்கிறோம் என்பதே பல மாதம் தெரிந்திராது. எனக்குத் தெரிந்த முதியவர் ஒருவர், இந்தியா எங்கே இருக்கிறது என்று கேட்டால் ஜெராய் மலையைக் காட்டி, அதற்கு அந்தப்பக்கம் என்பார். 

பயண நேரம் என்பது பொறியின் வேகத்தைப் பொறுத்தது என்று பாடநூல் சொல்கிறது. தோட்டத்து வரலாறு வேறு சொல்கிறது. 1938இல் இந்திய அரசாங்கம் கூலி வேலைக்காக ஆள் அனுப்புவதைத் தடைசெய்தது. கப்பல் அதே கப்பல், வேகம் அதே வேகம். ஆனால் மனைவியைப் பிறகு அழைத்துக்கொள்ளலாம் என்று ஊரில் விட்டுவந்தவர்களுக்கு நாகப்பட்டினம் திடீரென்று தொலைதூரமாயிற்று. 1941 டிசம்பரில் சப்பானியர் வந்தார்கள். ஏறத்தாழ நான்காண்டுகள் இருகரைக்கும் கடிதமே இல்லை. சயாம் மரண இரயில் பாதைக்குக் கெடாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களின் சாவை ஊரிலிருந்த தாய்தந்தையர் பல ஆண்டுகள் அறியவில்லை. அறியாமலே இறந்தவர்களும் உண்டு.

பிறகு 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம். குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய உரிமம் பெறவேண்டும் என்றாயிற்று. விடுதலைக்கு முன் இங்கே பிறந்தவர்கள் மனுச்செய்து குடியுரிமை பெறலாம் என்றும், 1957 ஆகஸ்டு 31 தொடங்கி ஓராண்டிற்குள் மனுச்செய்தால் மலாய்மொழித் தேர்வும் வேண்டியதில்லை என்றும் அரசமைப்பில் வழி இருந்தது. அந்த ஓராண்டைத் தோட்டத்து மக்கள் எப்படிக் கழித்தார்கள்? பெரட்டுக்குப் போவதும் பால் நிறுப்பதுமாகக் கழித்தார்கள். நகரத்தில் படித்தவர்கள் மேடை போட்டுச் சொன்னார்கள். தோட்டத்திற்குள் வந்து பாரத்தை நிரப்பிக் கொடுத்தவர்கள் போதவில்லை. இதற்கு யாரை நோவது என்பதில் எனக்கு ஒரே கருத்து இல்லை. கிராணிமாரையும் ஆசிரியர்மாரையும் நோவதில் ஓரளவு நியாயம் உண்டு என்று, ஆசிரியன் என்ற முறையில், ஒப்புக்கொள்கிறேன். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் தோட்டத்தில் அவர்கள்தாம்.

அந்தச் சட்டத்தின் விளைவாகப் பல்லாயிரவர் கப்பலேறினார்கள். என் மாணவனுடைய பாட்டியின் அக்காளும் கணவருடனும் இரண்டு பிள்ளைகளுடனும் 1970இல் ரஜூலாவில் போனார். வேலை உரிமம் கிடைக்காதது கணவருக்கு. தங்கைக்கு அப்போது வயது இருபத்திரண்டு. கிடைத்த சிவப்பு அட்டையோடு இங்கேயே நின்றார். இரண்டு ஆண்டு கழித்து வந்து பார்ப்பேன் என்று தங்கை சொன்னாராம். ரஜூலாவை 1973இல் இந்தியக் கப்பல் கழகம் வாங்கிற்று. அடுத்த ஆண்டே உடைத்துவிட்டார்கள். 'சிதம்பரம்' என்ற கப்பல் தொடர்ந்து ஓடிற்று. 1985 பிப்ரவரியில் அது நடுக்கடலில் தீப்பற்றிப் பலர் மாண்டனர். அதோடு தமிழகத்திற்கும் நமக்கும் இடையே பயணிகள் கப்பல் என்பது முடிந்துபோயிற்று.

வானூர்திக்கு வருவோம். ஏறத்தாழ மணிக்கு 830 கிலோமீட்டர் வேகத்தில் 2,370 கிலோமீட்டரைக் கடக்க மூன்று மணி நேரங்கூட ஆகாது. ஆனால் ஓடுபாதைக்கு நகர்வது, மேலே ஏறுவது, வரிசையில் நின்று இறங்குவது எல்லாம் சேர்ந்து பயணச்சீட்டில் மூன்றே முக்கால், நான்கு மணி நேரம் என்று போடுவார்கள். போகும்போது ஒரு நேரமும் வரும்போது வேறு நேரமும் ஆவதற்குக் காற்றும் காரணம். இதில் ஒரு விந்தை உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல்மட்டத்தில் காற்று தென்மேற்கிலிருந்து வீசும். சோழர் கலங்களைக் கிழக்கே தள்ளியது அதுதான். அதே மாதங்களில் வானூர்தி பறக்கும் உயரத்தில் காற்று கிழக்கிலிருந்து மேற்கே வீசுகிறது. கலத்தைக் கெடாவிற்குக் கொண்டுவந்த அதே பருவம், வானூர்தியைச் சென்னைப் பக்கம் தள்ளிவிடுகிறது.

நேர வேறுபாட்டைப் பற்றியும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியது உண்டு. பினாங்கிற்கும் சென்னைக்கும் இடையே நெடுங்கோட்டு வேறுபாடு ஏறக்குறைய 20 பாகை. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்றால் கதிரவன் கணக்கில் 80 நிமிடந்தான் வேறுபாடு. கடிகாரம் மட்டும் இரண்டரை மணி என்கிறது. 1982 சனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளிச் சபா, சரவாக்கோடு ஒன்றாக்கினார்கள். அதற்குமுன் இந்தியாவோடு நமக்கு இரண்டு மணி வேறுபாடே இருந்தது. அந்த ஆண்டு தோட்டங்களில் பெரட்டு இன்னும் இருட்டில் நடந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். கடிகாரத்தை மாற்றலாம், மரம் பால் கொடுக்கும் நேரத்தை மாற்ற முடியாது.

சரி, நான்கு மணி நேரம் என்ற எண் எவ்வளவு உண்மை? கெடாவில் இருப்பவனுக்கு நெடுங்காலம் அது பாதிப் பொய்யாகவே இருந்தது. சென்னைக்கோ திருச்சிக்கோ போகவேண்டுமானால் முதலில் கோலாலம்பூர் போகவேண்டும். சுங்கைப்பட்டாணியிலிருந்து சிப்பாங் பன்னாட்டு வானூர்தி நிலையம் ஏறக்குறைய 400 கிலோமீட்டர். விரைவுப் பேருந்தில் இரவெல்லாம் போய், விடியுமுன் மூட்டையோடு இறங்கி, இன்னொரு வண்டி பிடித்து, நான்கு மணி நேரம் முன்னதாகவே போய் உட்கார்ந்து, பிறகுதான் பறக்கவேண்டும். மின்தொடர்வண்டி வந்தபிறகு சற்று எளிது. ஆயினும் சுங்கைப்பட்டாணியிலிருந்து கோலாலம்பூர் செண்ட்ரலுக்கு அதுவும் நான்கு மணி நேரத்திற்கு மேல் எடுக்கிறது. வங்கக்கடலைக் கடக்க ஆகும் நேரம் நம் நாட்டுக்குள்ளேயே கழிந்துவிடுகிறது. அதுவும் எதிர்த்திசையில்! தமிழகத்திற்கு 250 கிலோமீட்டர் நெருங்கி இருப்பவன், தெற்கே போய்த் தூரத்தைக் கூட்டிக்கொண்டு பிறகு புறப்படுகிறான். சாவுச் செய்தி வந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். அங்கே உடலை ஒருநாளுக்கு மேல் வைத்திருக்க மாட்டார்கள். காலையில் தொலைபேசி வந்து, மாலையில் பேருந்து ஏறி, மறுநாள் பறந்து, திருச்சியில் இறங்கி ஊர் போய்ச் சேரும்போது பால் தெளிக்கும் சடங்கே முடிந்திருக்கும். இப்படிப் போய்ச்சேர்ந்து வெறும் வீட்டைப் பார்த்துத் திரும்பியவர்களை நம் ஊர்களில் தெருவிற்கு ஒருவராகக் காட்டலாம்.

ஆகவேதான் 2024 டிசம்பர் 21ஆம் நாள் சென்னைக்கும் பினாங்கிற்கும் இடையே இண்டிகோ நிறுவனம் நேரடிப் பறப்பைத் தொடங்கியதை நான் சுற்றுலாச் செய்தியாகப் பார்க்கவில்லை. வேறு பலர் அப்படித்தான் பார்த்தார்கள். சென்னையிலிருந்து எத்தனை பயணிகள் வருவார்கள், பினாங்கு விடுதிகளுக்கு எவ்வளவு வருமானம், மருத்துவச் சுற்றுலா எவ்வளவு வளரும் என்று எழுதினார்கள். 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் மலேசியா வரலாம் என்று அறிவித்தபோதும் இதே பேச்சுத்தான். வரட்டும், நல்லதே. ஆனால் இந்தப் பாதை ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுத்தில் பதிவான பாதை. கெடா, நாகை என்ற இருபெயர்களையும் ஒன்றாகச் சொன்ன பாதை. கெடா, பினாங்கு, பேராக்கின் வடபகுதி, பெர்லிஸ் ஆகிய இடங்களின் தமிழர்களுக்குப் பாயான் லெப்பாஸ் வானூர்தி நிலையம் ஒன்றரை மணி, இரண்டு மணித் தொலைவில் இருக்கிறது. சுங்கைப்பட்டாணிக்காரருக்கு ஒரு மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதல். இந்தச் சேவை நமக்கு முதன்மையாக வேண்டியது.

என் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். வடமாநிலத் தமிழ் இயக்கங்களும் ஆலயங்களும் கோலாலம்பூர் வழியே குழுப்பயணம் ஏற்பாடு செய்வதை வழக்கமாக வைத்திருக்கின்றன. கட்டணம் ஐம்பது வெள்ளி குறைவு என்பார்கள். பேருந்துக் கூலியையும் ஒருநாள் சம்பளத்தையும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆளில்லாத பாதையை எந்த நிறுவனமும் நீண்டநாள் ஓட்டாது. நம் ஆள்கள் ஏறாமல், பின்னொரு நாள் நிறுத்திவிட்டார்களே என்று நாளிதழில் அறிக்கை விடுவதால் பயனில்லை. அடுத்து, நம் தேவை சென்னையோடு முடிவதன்று. கெடாத் தோட்டத்து மக்களின் பூர்வீகம் பெரும்பாலும் திருச்சி, தஞ்சை, சேலம் பக்கம். சென்னையில் இறங்கினால் தஞ்சைக்கு இன்னும் 340 கிலோமீட்டர், ஓர் இரவு. கோலாலம்பூருக்குத் திருச்சியிலிருந்து 2008 இறுதியிலேயே மலிவுக்கட்டண வானூர்தி வந்துவிட்டது. பினாங்கிற்கும் திருச்சி வேண்டும் என்று கேட்பது பேராசையாகாது. கேட்க வேண்டியவர்கள் சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் இருக்கிறார்கள். தேர்தல் காலத்தில் அவர்களை எந்த ஆலயத் திருவிழாவிலும் காணலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகும் என் மாணவனுடைய கேள்விக்கு விடை வரவில்லை. அவனுடைய பாட்டிக்குப் பாயான் லெப்பாஸ் ஒரு மணி நேரந்தான். கட்டணத்தைப் பிள்ளைகள் கட்டிவிடுவார்கள். சென்னையில் வந்து அழைத்துப்போக அக்காள் பேரன் காத்திருக்கிறான். நீல அட்டை இல்லை. ஆகவே மலேசியக் கடவுச்சீட்டு இல்லை. இந்த மண்ணில் பிறந்து, இந்த மண்ணின் மரத்தை நாற்பதாண்டு சீவியவருக்கு முப்பது நாளும் ஐந்து நாளும் நான்கு மணியும் ஒன்றே. முப்பது நாளில் போன அந்தத் துறவியைத் துறையில் எவரும் அட்டை கேட்டிருக்க மாட்டார்கள் என்று எண்ணும்போது எனக்குச் சிரிப்பும் வருகிறது, சினமும் வருகிறது.

இவரைப்போல் இருப்பவர்கள் ஒருவர் இருவர் அல்லர். 2011இல் 'மைடஃப்தார்' என்ற பெயரில் நாடெங்கும் இந்தியர்களின் ஆவணச் சிக்கல்களைப் பதிவு செய்தார்கள். வரிசையில் நின்றவர்களை நானும் பார்த்தேன். பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைகள், பெற்றோர் திருமணத்தைப் பதியாததால் அட்டை பெறாத இளைஞர்கள், தோட்டம் துண்டாடப்பட்டபோது மருத்துவமனைக் குறிப்பேடு தொலைந்துபோனதால் பிறந்ததற்கே சான்றில்லாத கிழவிகள். சிலருக்குக் கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை. இந்தப் பாட்டி அப்போது போகவில்லை. பேரப்பிள்ளை பிறக்கவிருந்த நேரம், மகளை விட்டுப் போகமுடியவில்லை என்றார். அடுத்து ஒருமுறை போனபோது, தாயின் பெயர் ஒரு தாளில் ஒருவிதமாகவும் இன்னொரு தாளில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருப்பதாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தமிழ்ப்பெயரைக் காதால் கேட்டு உரோமன் எழுத்தில் எழுதிய பழைய எழுத்தர் செய்த வேலை அது. அந்த எழுத்தருக்கு ஒரு நிமிட வேலை; இந்தப் பாட்டிக்குப் பத்தாண்டுத் தாமதம்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இதில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. முதலாம் ஆண்டுப் பதிவின்போது ஒவ்வொரு பிள்ளையின் ஆவணங்களும் நம் கையில் வருகின்றன. பிள்ளையின் தாள் சரியாக இருந்தால் கோப்பில் போட்டு மூடிவிடுகிறோம். பெற்றோர் அட்டையின் நிறத்தையும், வீட்டிலிருக்கும் தாத்தா பாட்டியின் நிலையையும் கேட்பதற்கு ஐந்து நிமிடம் போதும். விடுதலை பெற்ற ஆண்டில் நமக்கு முந்திய தலைமுறை ஆசிரியர்கள் நிரப்பிக் கொடுக்காத பாரங்களை இன்றாவது உட்கார்ந்து நிரப்பிக் கொடுக்கலாம். அது எங்கள் வேலையன்று என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. பணிவிதியில் இல்லைதான்.

கடந்த பள்ளி விடுமுறையில் அந்த மாணவன் வீட்டிற்குப் போயிருந்தேன். தாயின் பெயர் வேறுபாட்டிற்கு உறுதிமொழிப் பத்திரம் எழுதி, தோட்டத்துப் பழைய கிராணி ஒருவரின் சாட்சியத்தையும் இணைத்து, மனுவை மறுபடி அனுப்பியிருக்கிறோம். திரும்பும்போது பாட்டி கைப்பேசியில் அக்காளைக் காட்டினார். அங்கே அப்போதுதான் வெளிச்சம் சாய்ந்திருந்தது, இங்கே இரவு. அக்காளுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. எப்போது வருகிறாய் என்று மட்டும் இரண்டுமுறை கேட்டார். தை மாதம் வருகிறேன் என்றார் தங்கை. எந்தத் தை என்று சொல்லவில்லை.